ஓர்த்தாவில் சாத்திய ஜன்னல்

மிரெல்லாவும் தாரியோவும் அவளுடைய காரில் ஓர்த்தா ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் முடிந்து ஊர் குட்டித்தூக்கத்தில் இருந்தது. ஜூன் மாத வெயில். விடுதிக்காரி பினுச்சா கையைத் துடைத்துக்கொண்டே வந்து மாடியறையைத் திறந்துவிட்டுப் போனாள். மரக்கதவு போட்ட ஒற்றை ஜன்னல். மிரெல்லா அதைத் தள்ளியதும் ஏரி அப்படியே அறைக்குள் வந்து நின்றது. நடுவில் தீவு, அதில் கன்னியர் மடம், சுற்றிலும் பச்சை நீர்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

“என்னங்க ஆச்சு?” என்றார் தாரியோ.

“ஒண்ணுமில்ல. முப்பது வருஷமா ஒரு ஆளு இதைக் காட்டறேன், காட்டறேன்னு சொல்லிட்டே செத்துப்போனான்.”

அந்த ஆள் அவள் கணவர் ஓஸ்வால்தோ. நெல்வயல்கள் சூழ்ந்த வெர்செல்லி ஊரில் டயர் கடை வைத்திருந்தார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, கோடையில் எந்த ஏரிக்குப் போவது என்று இருவரும் பேசுவார்கள். திட்டம் போடுவதில் அவருக்கு அத்தனை ஆசை. எந்த விடுதி, எந்தப் படகு, முதல் நாள் எந்த ஒயின் என்பதுவரை சொல்வார். அந்த மாலைகளில் மட்டும் அவளை லெல்லா என்று கொஞ்சுவார். கோடை வந்ததும் பேச்சு மாறும். கோமோ ஏரிக்கா? பணக்காரன் வீட்டு மதில்சுவரைப் பார்க்கவா? கார்தாவில் ஜெர்மன்காரன் காலை மிதிக்காமல் நடக்க முடியாது. ஓர்த்தாவில் ஈரக்காற்று, என் கழுத்துக்கு ஆகாது. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம் லெல்லா.” ஆகஸ்ட் முழுக்க அவள் வீட்டில் உட்கார்ந்து நெல்வயல் கொசுக்களை அடித்துக்கொண்டிருப்பாள்.

அவர் போய்ச் சேர்ந்தபின் தேவாலயப் பாட்டுக்குழுவில் தாரியோ பழக்கமானார். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். மனைவியை இழந்தவர். காதல் சொன்னபோதுகூட ‘நீங்க’ என்றுதான் சொன்னார். “ஓர்த்தா போலாமா?” என்று ஒருநாள் அவள் கேட்டாள். “வெள்ளிக்கிழமை எனக்குத் தோதுப்படும். உங்களுக்கு?” என்றார். காபி ஆறுவதற்குள் திட்டம் முடிந்துவிட்டது.

மிரெல்லா முகம் கழுவிவிட்டு வந்தபோது அறை இருட்டாக இருந்தது. ஜன்னல் சாத்திக் கொக்கியும் போட்டிருந்தது.

“வெயில் உறைக்குதா? சாத்திட்டீங்களே.”

“நானா? நான் பெட்டியைப் பிரிச்சிட்டில்ல இருந்தேன். காத்தா இருக்கும்.”

காற்றுக்குக் கொக்கி போடக்கூடத் தெரியுமா என்று சிரித்துக்கொண்டே அவள் திறந்துவைத்தாள். இருவரும் கீழே போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் சாத்தியிருந்தது. இந்தமுறை உள்ளே ஒரு வாடையும் இருந்தது. டயர் ரப்பரும் கற்பூரத் தைலமும் கலந்த வாடை.

முப்பது வருஷம் பக்கத்துத் தலையணையில் கிடந்த வாடை.

தாரியோவை அறையிலேயே விட்டுவிட்டு அவள் இறங்கிப்போய்ப் பினுச்சாவைக் கேட்டாள்.

“நான் மாடிக்கே வரலம்மா. உங்க வீட்டுக்காரர்தான் சாத்தினாரு. முற்றத்துலேர்ந்து பாத்தேனே.”

“அவர் என்னோட காபி குடிச்சிட்டிருந்தாரே.”

பினுச்சாவின் குரல் இறங்கிவிட்டது. “முகம் தெரியலம்மா. கையைத்தான் பாத்தேன். தடிச்ச கை. நகமெல்லாம் கறுப்பு.” அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

தாரியோவுக்குச் சாக்பீஸ் பிடித்துப் பழகிய மெல்லிய விரல்கள்.

மறுநாள் காலை படகு எடுத்தார்கள். வெட்டவெளியில், வெயிலில், என்ன வந்துவிடும் என்று அவள் நினைத்தாள். தாரியோ துடுப்புப் போட்டபடி, வகுப்பில் சொல்வதுபோல எதிர்க்கரை மலைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“அதோ அந்த வெள்ளை மணிக்கூண்டு தெரியுதா உங்களுக்கு? அதுக்குப் பின்னாடி...”

பாதியில் நிறுத்தினார்.

துடுப்பு நுனியிலிருந்து நீர் சொட்டியது. வேறு சத்தமே இல்லை. தெளிந்த காற்றில் தைல வாடை எழுந்து படகை நிறைத்தது.

தாரியோ சட்டைக் காலரை மெல்லத் தூக்கிக் கழுத்தை மூடிக்கொண்டார்.

“என்ன இருக்குன்னுடி இங்க வந்தே, லெல்லா?”

உதடுகள் தாரியோவுடையவை. மூச்சை இழுத்து இழுத்துப் பேசிய அந்தக் குரல் அவருடையதல்ல.

அந்தப் பெயரை அவள் அவரிடம் சொன்னதே இல்லை.

“தண்ணி. வெறும் தண்ணி. இதுக்கா முப்பது வருஷம் என் உசுரை வாங்கினே?”

பயத்தையும் முந்திக்கொண்டு அவளுக்குக் கோபம் வந்தது. “உயிரோட இருக்கறப்ப ஒரு நாள் கூட்டிட்டு வந்தியா? இப்ப எதுக்குய்யா வந்தே?”

“நீ கிளம்பினே. நானும் கிளம்பினேன்.” துடுப்புகளை விட்டுவிட்டு அந்த உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. “பாத்தாச்சில்ல? வா, வீட்டுக்குப் போலாம்.”

“நான் வரல.”

படகின் விளிம்பு நீரைத் தொட்டது. சில்லென்று தண்ணீர் அவள் காலடிக்கு ஓடிவந்தது. தாரியோவின் தலை ஏரியை நோக்கித் தாழ்ந்துகொண்டே போனது. காது நனைந்தது. பிறகு மூக்கு. அவர் திமிறவில்லை. கண்கள் மட்டும் திறந்து அவளையே பார்த்தன.

நீருக்குள்ளிருந்து குமிழிகள் வந்தன.

“சரி!” என்று கத்தினாள். “வரேன். உன்னோடயே வரேன். அந்த மனுஷனை விட்டுடு!”

படகு நிமிர்ந்தது. தாரியோ இருமி, நீரைக் கக்கி, நடுங்கினார். “மயக்கம் வந்துடுச்சு போலங்க. உங்களை ரொம்பப் பயமுறுத்திட்டேனா?”

அவள் துடுப்புகளை எடுத்துக் கரைவரை தானே போட்டாள்.

பகல் ரயிலுக்கு அவரை நிலையத்தில் இறக்கிவிட்டாள். பெட்டியோடு அவர் தயங்கி நின்றார். “நான் எதாவது தப்பா பேசிட்டேனா?”

“இல்ல. நீங்க எதுவுமே பேசல.”

“உங்களுக்கு மனசு சரியில்லன்னா பரவாயில்ல. அடுத்த வருஷம் வருவோம்.”

அவர் பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார். மிரெல்லா கசப்பாகச் சிரித்தாள். ரயில் போனபின் காரில் ஏறித் தனியாக வீட்டுக்குக் கிளம்பினாள். மலைச்சாலையின் முதல் வளைவில், மரங்களின் இடுக்கில், ஏரி கடைசியாக ஒருமுறை மின்னியது. பார்ப்பதற்காக வேகத்தைக் குறைத்தாள்.

மணி அடிக்கத் தொடங்கியது.

டிங். டிங். டிங்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பெல்ட் அடையாளம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை.

அவள் வண்டியை நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் திரும்பவுமில்லை. ஏரி மரங்களுக்குப் பின்னால் மறையும்வரை சாலையையே பார்த்து ஓட்டினாள். பிறகு கையை நீட்டிப் பெல்ட்டைத் துழாவிப் பிடித்து இழுத்தாள். அது நீளமாக வந்தது, ஒரு பெருத்த வயிற்றைச் சுற்றி வருவதுபோல. கொக்கியில் மாட்டினாள்.

மணி நின்றது.