தலையில்லாத குழல்

அண்ணி சுவிட்சை அணைத்த பிறகும் கட்டை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி நின்றது.

பழைய மோட்டார், அப்படித்தான் இருக்கும் என்று சின்னவன் சொல்லிக்கொண்டான். சுவிட்ச் சுவரில் இருந்தது, கடைகிறவனுக்கு எட்டாது. அதனால் அந்தக் கடைசல் பட்டறையில் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். முன்பெல்லாம் அண்ணன் கடைவான், சின்னவன் சுவிட்சடியில் நிற்பான். இன்று அங்கே அண்ணி நின்றாள், கையில் அண்ணன் செய்து வைத்த குழலோடு. அதற்கு உடல் மட்டும்தான் உண்டு. ஊதும் தலைப்பகுதியைக் கடைவதற்குள் அண்ணனின் சட்டைக்கை சுழலும் கட்டையில் சிக்கி, இதே இயந்திரம் அவனை இழுத்துக்கொண்டது.

"தலையை மட்டும் செஞ்சு குடுங்க தம்பி," என்று மதியம் வந்து கேட்டிருந்தாள். "வீட்ல கிடந்து முனகிக்கிட்டே இருக்கு. ஏதோ சொல்ல வருது, வாயில்லாம தவிக்குது."

என்ன சொல்ல வருகிறது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அன்று அண்ணன் "நிறுத்துடா" என்று கத்தியபோது அவன் கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. 'பெரியவர் தொட்டா கட்டையும் பாடும், சின்னவர் தொட்டா பாட்டும் கட்டையாயிடும்' என்று குழல் வாசிக்கிறவர்கள் சிரித்த சிரிப்பெல்லாம் அந்த நேரம் பார்த்துக் காதுக்குள் வந்தது. அது அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் அழுத்தினான். பிறகு அவன் அழுத அழுகையைப் பார்த்து ஊரே தேற்றியது.

மாட்டேன் என்றால் ஏன் என்பாள். செய்து கொடுத்தால் குழல் பேசிவிடும். கட்டையைப் பிளந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். உளியை ஒரு அழுத்து அழுத்தினால் போதும், கை தவறிடுச்சு அண்ணி என்று உதட்டைப் பிதுக்கிவிடலாம்.

"போடுங்க அண்ணி."

மோட்டார் உறுமி, கட்டை வேகம் பிடித்து, உளி பட்ட இடத்திலிருந்து சுருள்சுருளாக வந்து மணிக்கட்டில் விழுந்த சீவலில் மரவாசனையே இல்லை, அண்ணன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசனைதான் இருந்தது, அது மூக்கில் ஏற ஏற ஜன்னலில் மிச்சமிருந்த சாயங்கால வெளிச்சமும் மங்கிக்கொண்டே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு உளியை ஆழமாக இறக்கினான். கட்டை பிளக்கவில்லை. அழகாக ஒரு வளைவு எழும்பியது. அதன் கீழே நூல் மாதிரி ஒரு வளையம்.

அண்ணன் மட்டும் போடுகிற வளையம். சின்னவனுக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.

உளியை எறிந்தான். கட்டையின் துளைக்குள் காற்று விசிலடித்தது. முனகியது. மெருகு போடுகிற சாக்கில் அந்த வளையத்தையாவது தேய்த்து அழித்துவிடலாம் என்று உப்புத்தாளை எடுத்தான். துணியால் மட்டும் மெருகு போடக் கூடாது, சுற்றி இழுத்துவிடும். அண்ணன் தலைபாடாக அடித்துக்கொண்ட பாடம் அது.

விரலில் ஏதோ மெத்தென்றது.

குனிந்தான். தாள் இல்லை. நீலக்கட்டம் போட்ட துணி. அன்று அண்ணன் போட்டிருந்த சட்டையின் கிழிந்த கை. விரல்களைச் சுற்றியிருந்தது.

"நிறுத்துடா," என்றது கட்டை.

அண்ணன் குரல். அதே பதற்றம். அண்ணியும் கேட்டாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"இதானா தம்பி?" என்றாள் மெதுவாக. "இதைக் கேட்டுக்கிட்டேதான் நின்னீங்களா?"

துணி இறுகியது. விரல் போனது. மணிக்கட்டு.

"நிறுத்துங்க அண்ணி."

அண்ணியின் கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. அந்தக் கையின் மேல் இன்னொரு கையும் இருந்தது. சட்டைக்கை கிழிந்த கை.