ஏழாம் மாடிச் சமையலறை

“சம்பந்தின்னு கூப்பிட்ட வாயாலயே கேக்கறேன். உங்க பையனுக்குப் பல் டாக்டர் பொண்ணு பார்த்துட்டு, எங்க வீட்ல வந்து காபி குடிக்க எப்படி மனசு வந்துச்சு?”

“யாரு, நானா? நீங்கதான் சிங்கப்பூர் மாப்பிள்ளைக்கு ஜாதகம் கொடுத்தீங்க. நேத்து சாயங்காலச் செய்தியிலயே வந்துச்சே.”

நெம்மேலி அடுக்ககத்தில், மின்தூக்கி வாசலில் நின்று இப்படி மோதிக்கொண்டவர்கள் நான்காம் மாடி தில்லைநாயகியும் ஐந்தாம் மாடி மங்கையர்க்கரசியும். மின்தூக்கி மூன்று முறை வந்து திறந்தது, ஒருவரும் ஏறவில்லை. ஏறிவிட்டால் மீதியை யார் கேட்பது?

தில்லைநாயகியின் மகள் நன்முகைக்கும் மங்கையர்க்கரசியின் மகன் அருள்நம்பிக்கும் தை மாதம் கல்யாணம். புடவைகூட எடுத்தாயிற்று. இப்போது அது நின்றுவிடும் போலிருந்தது. தில்லைநாயகிக்கு அதைவிட அந்தப் பல் டாக்டர்தான் உறுத்தினாள். சொந்த கிளினிக்காம்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே செய்தியைத்தான் பார்த்தீங்களா?” என்று கேட்டாள் அம்மாவோடு நின்றிருந்த நன்முகை.

நல்ல கேள்விதான். முன்பெல்லாம் தொலைக்காட்சிகளும் செய்தித்தாள்களும் ஊருக்குப் பத்து இருந்தனவாம். ஒவ்வொன்றாக ‘ஏகம்’ நிறுவனம் வாங்கிவிட்டது. அதன் செய்திப்பொறி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. வெள்ளச் செய்தி என்றால் ஜனங்கள் ஐந்து நிமிடத்தில் எழுந்து போகிறார்கள். பக்கத்து வீட்டில் புது மெத்தை வந்த செய்தி என்றால் ஒரு மணி நேரம் உட்கார்கிறார்கள். எழுந்ததும் அதே மெத்தையை வாங்குகிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுச் சுவர்த்திரைக்கும் தனிச் செய்தி. மெத்தை உண்மையில் வந்ததா என்று பொறி விசாரிப்பதில்லை. ‘எனத் தெரிகிறது’ என்று முடித்துவிடும். இன்னொரு நிறுவனம் இருந்திருந்தால் அதைப் பொய் என்று சொல்லி, அதிலேயே நாலு காசு பார்த்திருக்கும்.

மாலை ஆறு மணிக்கு நன்முகை இரண்டு பேரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்தாள். எதிரே இருப்பது யார் என்று சுவருக்குத் தெரியும். ஒரு கணம் வெறுமனே மினுங்கியது. பிறகு செய்தி வந்தது: “ஏழாம் மாடி சௌந்தரம் வீட்டில் நவீன சமையலறை. கருங்கல் மேடை, தானே கிளறும் அடுப்பு...”

தில்லைநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சௌந்தரம் ஓய்வுபெற்ற ஆசிரியை, தனிக்கட்டை. அவளுக்கு எதற்குத் தானே கிளறும் அடுப்பு?

“டீச்சர் பென்ஷன்ல இதெல்லாம் வருமா?”

“எப்படி வரும் சம்பந்தி? வேற ஏதோ வருமானம் இருக்கு,” என்றாள் மங்கையர்க்கரசி.

“பாத்தீங்களா, சுவர் யாரு உக்காந்தா...” என்று ஆரம்பித்தாள் நன்முகை. அம்மாவின் கை வருங்கால மாமியாரின் முழங்கால்மேல் தோழமையாகப் படிந்திருப்பதைப் பார்த்ததும், மீதியை விழுங்கிக்கொண்டு காபி போடப் போனாள்.

அதன்பின் தினமும் ஆறு மணிக்குச் சம்பந்திகள் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். சௌந்தரம் கப்பலில் சுற்றுலா போனாள். பதினொரு பவுனில் ஒட்டியாணம் செய்தாள். “ஒட்டியாணமா? அந்த இடுப்புக்கா?” என்று கேட்ட தில்லைநாயகிக்கு அன்று தோசை இறங்கவில்லை. மின்தூக்கியில் சௌந்தரம், “கல்யாணம் எப்பம்மா?” என்று வாய்விட்டுக் கேட்டபோது இருவரும் கூரையைப் பார்த்தார்கள். அடுக்ககம் முழுக்கப் போன கல்யாணப் பத்திரிகை ஏழாம் மாடியில் அந்த ஒரு கதவுக்கு மட்டும் போகவில்லை.

தையில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. நன்முகையும் அருள்நம்பியும் தர்மபுரிக்குக் குடிபோய்விட்டார்கள். போன கையோடு சுவர்த்திரையை மறைத்துப் பீரோவை நிறுத்திவிட்டார்களாம்.

சித்திரையில் சௌந்தரமும் காலி செய்தாள். பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்று திருக்கோவிலூரில் தங்கை வீட்டுக்குப் போவதாகக் காவலாளியிடம் சொன்னாளாம். வண்டி கிளம்பிய கால் மணி நேரத்தில் சம்பந்திகள் ஏழாம் மாடியில் இருந்தார்கள்.

சமையலறையில் விரிசல் விட்ட சிமெண்ட் மேடை. கரி ஏறிய சுவர். சொட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயில் துணி கட்டியிருந்தது.

தில்லைநாயகி மேடையை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள்.

“பாத்தீங்களா சம்பந்தி,” என்றாள். “கருங்கல்லைக்கூட விடல. மொத்தத்தையும் பேத்து எடுத்துட்டுப் போயிட்டா.”