நான் அடைத்த அடுப்பு

குளுவாங் ரயில் ஸ்டேஷனில் இறங்கி, கடைத்தெருக் கோடியில் இருந்த பழைய ரொட்டிக் கம்பெனிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. 1933, மழைக்காலம். சுலைஹா வாசலில் நின்றிருந்தார்.

"வாங்க கொத்தனாரே. எட்டு வருசமா பூட்டிக் கெடக்கு. நீங்க கட்டின அடுப்பு, நீங்களே சரி பண்ணிக் குடுங்க."

ஓர் ஆள் தவழ்ந்து போகக்கூடிய செங்கல் குகை அந்த அடுப்பு. அவர் கணவர் ஜஹாங்கீர் தினமும் அதற்குள் புகுந்து சாம்பல் கூட்டுவார். ஒருநாள் அவர் காணாமல் போனார். சிங்கப்பூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று அவருடைய அண்ணன் லியாக்கத் அலி ஊரெல்லாம் சொன்னார். ரப்பர் தோட்டங்களுக்கு ரொட்டி அனுப்பும் கண்ட்ராக்டைத் தானே எடுத்துக்கொண்டு பத்து பகாட் என்ற ஊரில் புதுக் கம்பெனி திறந்தார். போன மாதம்தான் இறந்தார்.

"நானும் நம்பிட்டேன்," என்றார் சுலைஹா. "அவுங்க பேரச் சொன்னாலே காறித் துப்பினேன்."



எட்டு வருடத்துக்கு முன் லியாக்கத் அலிதான் என்னைக் கூட்டி வந்து, அடுப்பு வெடித்துவிட்டது, வாயை அடைத்துவிடு என்றார். பாதிச் சுவர் எழும்பியபோது உள்ளே தட்டும் சத்தம் கேட்டது.

"சூட்டுல கல்லு விரியுது, செல்லப்பா. நீ வேலையப் பாரு," என்று என் தோளில் கை வைத்தார். பத்து வருடப் பழக்கம். நம்பினேன்.

ஆனால் கல் குளிர்ந்திருந்தது.

இப்போது உளியை வைத்து முதல் கல்லைப் பெயர்த்தேன். உள்ளிருந்து புளித்த மாவின் வாசனை வந்தது. இன்று காலை பிசைந்த மாவைப்போல.

இரண்டாவது கல்லின் உட்புறம் முழுக்க நகக்கீறல்.

விளக்கைக் காட்டினேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு எலும்புகள் சாய்ந்திருந்தன. இடுப்பில் ஜஹாங்கீர் எப்போதும் கட்டும் பச்சை நிற வார்.

"இங்கயேவா இருந்தீங்க," என்று சுலைஹா முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த வாய அடைச்சது யாரு?"

"நான்தாம்மா."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

தகரக் கூரையில் மழை இரைந்தது. அவர் என் கையிலிருந்து விளக்கை வாங்கிக்கொண்டார்.

"போலீஸ்ல போய்ச் சொல்லுங்க. அப்புறம் வந்து அடுப்பக் கட்டுங்க. இது அவுங்க கம்பெனி."

சொன்னேன். குற்றவாளி செத்துப்போனதால் வாக்குமூலம் எழுதிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்கள். ஜஹாங்கீரைப் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கம் செய்தார்கள். புதுச் செங்கல்லில் அடுப்பு எழுந்தது.

முதல் நாள் மாவு பிசைந்தது, உருட்டியது, அடுப்பில் வைத்தது எல்லாம் சுலைஹாதான். வெந்த ரொட்டிகளை வெளியே எடுத்துக் கவிழ்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஒவ்வொரு ரொட்டியின் அடியிலும் நான்கு விரல் தடம்.

"என் கை இல்ல," என்றார் மெதுவாக. "இது ஆம்பளக் கை."

என் விரல்களை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தேன்.

என் வலது சுண்டுவிரல் பிறவியிலேயே கோணல். தடத்திலும் அது கோணலாக இருந்தது.