இளைத்துப்போன இரும்புத் தண்டு

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்ட பழைய லாரி அது. அதில்தான் ஜீனத்தின் அத்தா மதார் சாகிப், எண்ணூர் உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றி வருவார். மழைக்காலம் நெருங்கும் நேரம் பார்த்து, "டொக்... டொக்..." என்று இருமிக்கொண்டே வந்த லாரி, தண்டையார்பேட்டையில் அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது.

இன்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே சுழலும் கிராங்க் ஷாப்ட் என்ற கனமான இரும்புத் தண்டு தேய்ந்து, கீறல் கீறலாகக் கிடந்தது. அதைத் தாங்கிப் பிடிக்கும் பேரிங்குகளும் தேய்ந்திருந்தன.

"டோல்கேட் பட்டறை ஜேக்கப் மேஸ்திரிகிட்ட குடுத்து, தண்டைக் கிரைண்டிங் பண்ணிக் கீறலைப் போக்கிக்கலாம்" என்றார் அத்தா. "சீக்கிரம் முடியணும். மழை வந்தா, ஏத்தாத உப்பெல்லாம் கரைஞ்சு பூடும்."

"நம்பிக் குடுக்காதே பாய்!" என்றார் பக்கத்து வீட்டுத் திருமலை. அவரும் லாரி டிரைவர்தான். "உன் தண்டை எடுத்துக்கினு, வேற எதையாவது தலையில கட்டிடுவான்."

திருமலைக்கு யார்மீதும் சந்தேகம். பால்காரர் கண்ணெதிரே கறந்து கொடுத்தாலும், பசு வரும் வழியில் தண்ணீர் குடித்ததா என்று விசாரிப்பார்.

ஆனாலும் ஜீனத்துக்குத் திக்கென்றது. தண்டு மாறிப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பது?

அவள் தன் பள்ளிக்கூடப் புத்தகத்தின் பழுப்பு உறையிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்தாள். பேரிங் உட்காரும் இடத்தில், தண்டின்மீது அதை இறுக்கிச் சுற்றினாள். இரண்டு முனைகளும் சரியாகத் தொட்டுக்கொள்ளும்படி வெட்டிப் பத்திரப்படுத்தினாள். அத்தா தண்டைப் பட்டறைக்குக் கொண்டு போனார். திருமலை பழைய பேரிங்குகளை எடுத்துப் போய், அதே அளவில் புதியவை வாங்கி வந்தார்.

சில நாளில் தண்டு பளபளவென்று திரும்பி வந்தது. ஜீனத் ஓடிப்போய்ப் பட்டையை அதே இடத்தில் சுற்றினாள்.

முனைகள் தொடவில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன!

"அத்தா! இது இளைச்ச மாதிரி கீதே!"

திருமலை துள்ளி எழுந்தார். "நான் சொல்லல? மாத்திட்டான்!"

அத்தாவின் முகம் சிவந்தது. "அதான் தண்டை வாங்கப் போனப்போ மேஸ்திரி, 'நீங்க வாங்கின பேரிங் சேராது, சின்ன சைஸ் போடுங்க'ன்னு சொன்னாரா? தண்டையும் மாத்திட்டு, பேரிங்கையும் நம்ம தலையில கட்டப் பார்க்கறாரா?"

மூவரும் தண்டைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு டோல்கேட்டுக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் திருமலை, யார் யார் எதை எதைத் திருடினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜீனத்துக்கோ வேறு யோசனை. மேஸ்திரி திருடவே இல்லை என்றால்?

பட்டறை வாசலில் அத்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அத்தா, கொஞ்சம் இரு. முதல்ல நான் கேக்கறேன். அப்பறம் சண்டை போடலாம்."

உள்ளே ஜேக்கப் மேஸ்திரி, இன்னொரு லாரியின் தண்டை மெஷினில் மாட்டிக்கொண்டிருந்தார். மூன்று முகங்களையும் பார்த்தார். கருவிப் பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்கும் இவர்கள்மேல் சந்தேகம்!

"இன்னா பாய், காலங்காத்தால படை திரட்டிக்கினு வந்துட்டே?"

அத்தா வாயைத் திறப்பதற்குள் ஜீனத் முந்திக்கொண்டாள். "மாமா, நீங்க தேய்க்கறதுக்கு முன்னாடி, அந்தத் தண்டுமேல ஒரு காகிதம் சுத்திப் பார்க்கட்டுமா?"

"எதுக்கு?"

"தேய்ச்சா இளைக்குமான்னு பார்க்கணும்."

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ம்... சுத்திட்டுத் தள்ளி நில்லு."

புதிய பட்டையைச் சுற்றி, முனைகள் தொடும் இடத்தில் வெட்டினாள். மெஷின் ஓடியது. கல் சக்கரம் தண்டில் பட்டதும் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் எழுந்தது. சூடு தணிக்கப் பால் போன்ற தண்ணீர் வழிந்தது. திருமலை கண்ணைக்கூட இமைக்கவில்லை. இமைக்கிற நேரத்தில் தண்டை மாற்றிவிட்டால்?

கீறல்கள் எல்லாம் மறைந்ததும் மெஷின் நின்றது. மேஸ்திரி தண்டைத் துடைத்துவிட்டார். ஜீனத் பட்டையைச் சுற்றினாள். எல்லோரும் குனிந்தார்கள்.

முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

"கீறல் போறவரைக்கும் தேய்ச்சதால இரும்பு குறைஞ்சுடுச்சு அத்தா!" என்று கூவினாள் ஜீனத். "நம்ம தண்டும் அப்படித்தான் இளைச்சிருக்கு. மாமா மாத்தல!"

மேஸ்திரி நிமிர்ந்தார். "மாத்தினேன்னா நெனைச்சீங்க?"

அத்தா தரையைப் பார்த்தார். திருமலை கூரையைப் பார்த்தார்.

ஜீனத்துக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. "அப்போ பழைய சைஸ் பேரிங் இதுல ஆடுமே! அம்மா வளையலை நான் போட்டுக்கிட்ட மாதிரி!"

"ஆடினா, தண்டு மறுபடியும் அடி வாங்கும்" என்றார் மேஸ்திரி. "அதுக்குத்தானே சின்ன சைஸ் போடச் சொன்னேன். யார் கடையிலே வேணும்னாலும் வாங்கு பாய்."

அத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனைச்சுட்டேன் மேஸ்திரி. மன்னிச்சுக்கோ."

"உன் பொண்ணு கேட்டுட்டா. நீ கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன்" என்ற மேஸ்திரி சிரித்துவிட்டார்.

திருமலை அன்றே போய்ப் பேரிங்குகளை மாற்றி வந்தார். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கூடச் சண்டை போடவில்லையாம். ஜீனத்தால்தான் அதை நம்ப முடியவில்லை.

இன்ஜினைப் பூட்டினார்கள். லாரி இருமாமல் உறுமியது. விடுமுறை நாளில் ஜீனத்தும் அத்தா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். எண்ணூரில் மிச்சமிருந்த கடைசிக் குவியலையும் ஏற்றி, தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். கடல் பக்கமிருந்து கருமேகம் வந்தது. அவள் மூக்கின்மேல் ஒரு துளி விழுந்தது.

"மழை வந்துடுச்சு!" என்றார் அத்தா.

ஜீனத் நிமிர்ந்து, முகம் முழுவதையும் வானத்துக்குக் காட்டினாள்.

"இப்போ வரட்டும் அத்தா!"