ஐம்பது நிமிடத் தூரம்

முந்திரி மூட்டைகளின் மேல் கிடந்தது பிணம்.

சான்டிகி கார்போ. ஃப்ரீடவுனில் முந்திரி வியாபாரி. சனிக்கிழமை நண்பகல், சொந்தக் கிடங்கில், பின்மண்டையில் ஒரே அடி.

பக்கத்தில் ஒரு மூட்டை வாய்பிளந்து கிடந்தது. உள்ளே பாதி முந்திரி... பாதி கருங்கல்.

கல் கலந்தவன்தான் கொன்றிருக்க வேண்டும். கொள்முதல் செய்பவர்கள் இருவர். கூட்டாளி டெக்கர். அக்காள் மகன் பிரிமா. அன்று இருவருமே வேறு நாட்டில், பிஸாவ் நகரில் இருந்தார்கள். காலையில் சேர்ந்து சாப்பிட்டார்கள். இரவிலும். நடுவில் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

செவ்வாயன்று ஒரே விமானத்தில் திரும்பினார்கள். அதற்குள் சான்டிகியைப் புதைத்தாகிவிட்டது. பிரிமாவுக்கு விலங்கு காத்திருந்தது.

அங்கிருந்தே போனில் கை காட்டியவர் டெக்கர். மாமன் சொத்து மருமகனுக்குத்தானே என்றார்.

போலீஸ் மேலதிகாரி கைபேசியில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே கோடு இழுத்தார். நானூற்றைம்பது கிலோமீட்டர். ஐம்பது நிமிடம். காலையில் கிளம்பி, கொன்றுவிட்டு, இரவுச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். வழக்கு முடிந்தது என்றார்.

அவர் லண்டனுக்குப் பறப்பவர். அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் பறந்ததில்லை.

இன்ஸ்பெக்டர் யாபோம், பிரிமாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"அம்பது நிமிஷமாமே, தம்பி?"

பிரிமா சிரித்தான். விலங்கோடு.

"அப்படி ஒரு ப்ளேன் இருந்தா எங்கம்மா மொகத்தைப் பாத்திருப்பேனே அக்கா. போன வருஷம் சேதி வந்தப்ப அங்கதான் இருந்தேன். காஸாபிளாங்கா போயி, ராத்திரி பூரா உக்காந்து, இங்க வந்து சேந்தா... மண்ணு காஞ்சிருந்துச்சு."

யாபோமுக்கும் தெரியும். நேரடி விமானம் கிடையாது. சஹாராவைத் தாண்டி வடக்கே போய், மறுபடி தாண்டி வந்தால்தான் அண்டை வீடு. சாலையில் வரலாம். எல்லைப் பக்கம் மழை தொடங்கிவிட்டது. இரண்டு எல்லை, சேற்றில் புதைந்த லாரிகள், மூன்று நாள்.

பிரிமா கொல்லவில்லை. ஆனால் அதே கணக்கில் டெக்கரும் கொல்லவில்லையே...

டெக்கரை வரவழைத்து டீ கொடுத்தாள். பிரிமாவுக்கு ஆயுள் தண்டனை உறுதி என்றாள். டெக்கர் வருத்தப்பட்டார். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டார்.

"பயண நேரம் அம்பது நிமிஷம்னு எழுதச் சொல்றாங்க. எழுதிடவா சார்?"

"அம்பதா? கோர்ட்டுல சிரிப்பாங்க மேடம். ஒண்ணேகால் மணின்னு போடுங்க. மேகத்துக்குப் பயந்து பைலட் கடல் பக்கமா சுத்தித்தான் வருவான். சின்ன ப்ளேன்... அந்தக் குலுக்கல்ல சாப்பிட்டதெல்லாம் வெளிய வந்துடும்."

யாபோம் பேனாவை மூடி வைத்தாள்.

"எந்த ப்ளேன் சார்?"

டீக்கோப்பை பாதி வழியில் நின்றது.

வாடகைக்குத் தனி விமானம் ஓட்டுபவன் ஒருவன், மாலைக்குள் டெக்கரின் படத்தைப் பார்த்துத் தலையாட்டினான். வாந்தி எடுத்த ஆளை அவன் மறக்கவில்லை. இருக்கையைக் கழுவியது அவன்தான்.

விலங்கு கை மாறியது. பிரிமா நேரே மாமனின் கல்லறைக்குப் போனான். இந்த மண்ணும் காய்ந்திருந்தது.

வண்டியில் ஏற்றும்போது டெக்கர் கேட்டார்.

"ஜெயில் ரொம்ப தூரமா மேடம்?"

"பக்கத்துலதான்," என்றாள் யாபோம், கதவைச் சாத்தியபடி. "நேரா போற வண்டி சார். காஸாபிளாங்காவுல மாற வேண்டியதில்ல."