டிரெட்ஜ் பலகை காணாமல் போன ஞாயிறு

பேராக் மாநிலத்துக் குனோங் ராபாட்டில் ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடம் கிடைக்க வேண்டுமானால், போன ஜென்மத்தில் புண்ணியம் செய்திருக்க வேண்டும். மாதுமை செய்திருக்கவில்லை. அவளை அவசரமாக அழைத்திருந்த ஸ்கந்தராஜாவின் பக்கத்து வீட்டுக்கு முன்னால் இருந்த ஒரே இடத்தையும் வாளியும் பலகையும் வைத்து யாரோ பிடித்திருந்தார்கள். வாய்க்குள் திட்டிக்கொண்டே காரைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு வெயிலில் நடந்தாள். பின்னால் சித்தி மகன் யுகேந்திரன் ஓடினான்.

மாதுமை காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைத் துருவிக் கண்டுபிடிப்பவள். யுகேந்திரன் கல்லூரி மாணவன். தன்னை அவளுக்கு உதவியாளனாகத் தானே நியமித்துக்கொண்டவன். சம்பளம் கிடையாது; பூதக்கண்ணாடி சொந்தமாக வாங்கியது.

“பிள்ளை, என்ர பலகையைக் களவெடுத்துப் போட்டாங்கள்!” என்றார் ஸ்கந்தராஜா, ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்.

பேராக்கின் ஈயத்தை வாரிக் கொடுத்த எந்திரத்தின் பெயரான ‘டிரெட்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி இன்று மாலை ஓய்வு பெற்றோர் சங்கத்தில் அவர் பேச்சு. அர்த்தங்களை எல்லாம் அச்சடித்து ஒட்டிய பலகைதான் பேச்சின் உயிர்.

“போன முறை டெங்கியில படுத்திட்டன். இண்டைக்கும் மேடையேறாட்டி என்ர இடத்தைச் சங்கத்து மகேந்திரனுக்குக் குடுத்திடுவாங்கள். அவன் போன்சாயைப் பற்றிப் பேசுவான்!” அவர் கண் கலங்கியது.

“பலகையில என்ன சார் இருந்துச்சு?” என்றான் யுகேந்திரன். கேட்டிருக்கக் கூடாது.

“டிரெட்ஜ் எண்டா நீரடியில தோண்டி வாரி எடுக்கிறது. எடுக்கிற கப்பல் டிரெட்ஜர். பொரிக்க முதல் மீனில மா தூவுறதும் டிரெட்ஜ்தான். தூவுற ஓட்டை மூடி டப்பாவும் டிரெட்ஜர். பழைய சண்டையைக் கிளறினா, டிரெட்ஜ் அப்!”

யுகேந்திரன் பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டான். வாசலில் சேறு படிந்த பெண்கள் செருப்பு. சமையலறை வழியெல்லாம் மாவு. உள்ளேயிருந்து அவர் மனைவி சரோஜாதேவியின் குரல்: “என்ர தம்பியின்ர கலியாணத்துக்கு வராத மனுசன், பலகைக்கு அழுகுது!”

“அக்கா! சேறு, மாவு, பழைய சண்டை! எல்லா அர்த்தமும் ஆன்ட்டியத்தான் காட்டுது!”

சரோஜாதேவி கரண்டியோடு எட்டிப் பார்த்தார். “செடிக்குத் தண்ணி விட்டன், மீன் பொரிக்கிறன். இன்னும் கதைச்சியெண்டா உனக்கும் மா தூவுவன்.”

மாதுமை அமைதியாகக் கேட்டாள்: “பலகையை எங்க வெச்சீங்க அங்கிள்?”

“பசை காய, காலையில கேட்டுக்கு வெளியில, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில சாத்தினன். எழுத்துப் பக்கம் மதிலைப் பார்க்க. மகேந்திரன் இந்தப் பக்கம்தான் நடக்கப் போறவன், பாத்திடுவான்.”

மாதுமை மதிலுக்கு மேலே பார்த்தாள். பக்கத்து வீட்டில் உடையப்பன் மகளுக்குப் பரிசம், ஒரே கூட்டம். கைப்பிடி உடைந்த சிவப்பு நாற்காலியில் ஒரு பெரியவர் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார்.

“அந்த நாற்காலி?”

“அது ரோட்டில நிண்டு உடையப்பன்ர காருக்கு இடம் பிடிக்கிற நாற்காலி. தெருவுக்கே தெரியும்.”

“எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க” என்றாள் மாதுமை. உடையப்பனும் பட்டு வேட்டியோடு வந்தார்.

“விருந்தாளிங்களுக்கு நாற்காலி பத்தல. அதனால இன்னைக்கு சிவப்பு நாற்காலிக்கு வேற வேலை. ஆனா அது நிக்கிற இடம் காலியா இல்ல. இடம் பிடிச்சு வெச்ச சாமானை யாருமே என்னன்னு பார்க்க மாட்டோம். திட்டிட்டு அடுத்த இடம் தேடுவோம். நானும் அப்படித்தான் போனேன்.”

வாளியில் சாய்ந்திருந்த பலகையைத் திருப்பினாள். டிரெட்ஜ், சகல அர்த்தங்களோடும் வெயிலில் பல்லிளித்தது.

“ஐயோ சார்!” உடையப்பன் தலையில் கைவைத்தார். “குப்பத் தொட்டிகிட்ட இருந்துச்சு, வேணாம்னு போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்லா! சுங்காய்லேருந்து மாப்பிள்ள வீட்டு வேன் வருது. சம்பந்திய தெருக்கோடியில எறக்கி நடக்க வெச்சா பரிசம் உருப்படுமா?”

ஸ்கந்தராஜா பலகையைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டார். வாளி தனியாக நின்றது. தனி வாளியை அந்தத் தெருவில் யாரும் மதிப்பதில்லை. எல்லாரும் யுகேந்திரனைப் பார்த்தார்கள்.

அவன் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான். உடனே ஒரு கார் வந்து கண்ணாடியை இறக்கியது. “தம்பி, எந்திரிலா. எடம் வேணும்.”

“அண்ணே, டிரெட்ஜ்னா என்னன்னு தெரியுமா? முதல் அர்த்தம் வந்து…”

இரண்டாவது அர்த்தத்துக்கு மீன் வருவதற்குள் கார் மறைந்துவிட்டது.

மாதுமை அவன் காதருகே குனிந்தாள். “சாயங்காலம் அங்கிள் பேச்சுக்கு நாம அவசரப்பட வேணாம். பார்க்கிங் தாராளமா கிடைக்கும்.”