அகராதிக்காரியின் கண்ணாடி

முதலில் தோள் மோதியது. பிறகு தரையில் ஏதோ டக்கென்று விழுந்தது. அதன்பிறகு அவளுக்கு உலகமே கலங்கிய தண்ணீர்...

மழைக்கு ஒதுங்க ஓடிவந்தவள், வாசலில் நனைந்த பலகையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தவன் மேல் மோதிவிட்டாள். கண்ணாடி கீழே விழுந்து, காதில் மாட்டும் ஒரு பக்கம் தனியே வந்துவிட்டது.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"எனக்கு நல்லாத் தெரியும். உங்களுக்குத்தான் இப்ப தெரியாது," என்றது ஒரு நீலச் சட்டை. "ஆனா நல்ல இடமாப் பாத்துதான் உடைச்சிருக்கீங்க. இது கண்ணாடிக் கடை."

முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல். குரல் மட்டும் தெளிவு... சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் குரல்.

"புதுசாத்தான் வாங்கணுமா?"

"நாட் நெசசரிலி. ஸ்க்ரூதான் போயிருக்கு."

அவ்வளவுதான். அவள் கைப்பையைத் துழாவி ஒரு சீட்டையும் பேனாவையும் எடுத்தாள். கண்ணருகே வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள்.

"என்ன, புகாரா?"

"இல்ல... நீங்க சொன்னதைத்தான் எழுதிக்கிறேன். நான் அகராதி ஆபீஸ்ல இருக்கேன். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ல பொருள் எழுதுற வேலை. இப்ப எனக்கு வாய்ச்சது இந்த நெசசரிலி."

"அதுக்கு என் வாயா கிடைச்சுது?"

"பழைய பதிப்புல 'கட்டாயமாக'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. அந்தக் காலத்துக்குச் சரி. தப்பிக்கவே முடியாது, வேற வழியே இல்லங்கிற இடத்துல போட்ட சொல். அப்புறம், இது உண்மைன்னா அதுவும் உண்மையாத்தான் இருக்கணும்னு வாதம் பண்றவங்க எடுத்துக்கிட்டாங்க. இப்ப பேச்சுல பாருங்க... பாதி நேரம் முன்னாடி ஒரு 'நாட்' வந்து நிக்குது. 'அப்படியொண்ணும் இல்ல'ன்னு நழுவத்தான் உதவுது."

"புலியா இருந்த ஆளு, கல்யாணத்துக்கப்புறம் வீட்டம்மா இல்லாம வெளிய தலைகாட்டாத மாதிரியா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவன் ஸ்க்ரூ மாட்டிய கண்ணாடியை நீட்டினான். மாட்டிக்கொண்டாள். மங்கல் விலகியது... முதலில் தெரிந்தவை அந்தக் கண்கள். எதையும் இப்போதுதான் முதன்முறை பார்ப்பதுபோல் பார்க்கும் கண்கள். 'ஐயோ, இவனையா திட்டினேன்...' மழை எப்போதோ விட்டிருந்தது. அவள்தான் கவனிக்கவில்லை.

சில நாளில் ஸ்க்ரூ கழன்றது. வந்தாள். மறுபடி கழன்றது. மறுபடி வந்தாள். மழை வருமா என்று கேட்டால் நாட் நெசசரிலி. உட்காரலாமா என்று கேட்டால் அதற்கும் அதே. தன் அகராதிக்குத் தீனி போடத்தான் இப்படிப் பேசுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. 'அதற்காக நான் வரவில்லையப்பா' என்பது வாய்வரை வரும்... வெட்கம் வந்து விழுங்கிவிடும்.

கல்லாவில் உட்காரும் அவன் அக்காவுக்கு இதெல்லாம் ரசிக்கவில்லை. "தம்பி, அந்தப் பொண்ணு உன்னைப் பாக்க வரல. உன் வார்த்தையைப் பொறுக்க வருது. வேலை முடிஞ்சா ஆளைக் காணமுடியாது, பாத்துக்கோ." அது அவனுக்குள் முள்ளாய்த் தைத்தது.

அன்றும் மழை. அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "நெசசரிலி முடிஞ்சுது. அச்சுக்குப் போயாச்சு."

அவன் முகம் சுருங்கியது. "அப்ப இனிமே உங்களுக்கு இங்க வேலை இல்ல. வேற கடைல வேற சொல் பொறுக்குங்க, மேடம்."

மேடமா? இத்தனை நாள் 'அகராதிக்காரி' என்றல்லவா கூப்பிட்டான்... ரோஷம் அவளுக்கும் உண்டு. விறுவிறுவென்று வாசல்வரை போனாள். கால் அதற்குமேல் நகரவில்லை. இப்போது போய்விட்டால் இனி எந்த முகத்தோடு வருவது? திரும்பினாள்.

"எங்க ஆபீஸ்ல ஒரு விதி இருக்கு. யாரும் கவனிக்கலன்னு நினைச்சு பேசுற பேச்சுதான் எங்களுக்குச் சாட்சி. கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சிட்டா, அப்புறம் அந்த ஆள் பேச்சு செல்லாது."

"அதுக்கென்ன?"

"முதல் நாளே உங்ககிட்ட எல்லாத்தையும் உளறிட்டேன். அன்னைலேர்ந்து நீங்க செல்லாத ஆளு. அதுக்கப்புறம் நான் இங்க பேனாவைத் தொட்டுப் பாத்திருக்கீங்களா?"

அவன் யோசித்தான். ஒரு நாளும் இல்லை...

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?" குரல் இறங்கியிருந்தது.

"வேற வழி இல்லாமத்தான்..." அவள் தலை குனிந்தது. "பாக்காம இருக்க முடியல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. போதுமா?"

அக்கா சத்தமில்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவன் மெல்ல அவள் கண்ணாடியைக் கழற்றினான். மறுபடியும் அதே மங்கல்.

"நான் சொல்றதை என் முகத்தைப் பாக்காம கேளுங்க. வெக்கமா இருக்கு... அந்த ஸ்க்ரூ தானா கழலல. ஒவ்வொரு தடவையும் நான்தான் ஒரு சுத்து குறைவா முடுக்கி அனுப்பினேன்."

"எதுக்கு?"

"நீங்க திரும்பி வரணும்னுதான்..."

அவன் ஸ்க்ரூவை முடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கண்ணாடி அவள் மூக்கில் வந்து உட்கார்ந்தது. அந்தக் கண்கள் மிக அருகில் இருந்தன.

"இறுக்கி முடுக்கிட்டேன். இனிமே கழலாது."

"அப்ப நான் என்ன சொல்லிட்டு வர்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றான். "சும்மா வாங்க..."